ராத்திரி ரத்தமும் மூன்று மாத்திரையும்

"நெறி கட்டியிருக்கு, குளிர் ஜுரம்" என்று யாராவது சொன்னால், கும்பகோணத்துப் பக்கம் என் வயதுக்காரர்கள் முதலில் அவருடைய காலைத்தான் பார்ப்பார்கள். தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மூன்று போர்வை போர்த்தினாலும் அடங்காத நடுக்கம். கால் சிவந்து, தொட்டால் சுடும். நாலு நாளில் எல்லாம் இறங்கிவிடும்; மனிதர் கஞ்சி குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வரும். வந்து போகும் ஒவ்வொரு தடவையும் கணுக்காலில் கொஞ்சம் வீக்கத்தை விட்டுவிட்டுப் போகும். பத்துப் பதினைந்து வருஷத்தில் அது யானைக்கால்.

இப்போதுள்ள பிள்ளைகளில் பலர் யானைக்காலைப் பார்த்ததே இல்லை. அது எப்படிக் குறைந்தது என்று கேட்டால், "மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மருந்து வந்தது 1947-ல். வியாதி நம் ஊர்களை விட்டு விலகத் தொடங்கியது அதற்கு ஐம்பது வருஷம் கழித்து. இந்த ஐம்பது வருஷம் என்ன நடந்தது என்பதை எழுதலாம் என்று தோன்றியது. யானைக்கால் தடுப்புப் பிரிவில் முப்பது வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். எழுதுவதில் பாதி கண்ணால் கண்டது, பாதி படித்தது.

வியாதி மிகப் பழையது. சுஸ்ருதர் இதை ஸ்லீபதம் என்கிறார். பழைய தண்ணீர் தேங்கிக் கிடக்கிற, எப்போதும் ஈரமாயிருக்கிற நிலங்களில்தான் இது அதிகம் என்று அப்போதே கவனித்து எழுதிவைத்திருக்கிறார். கொசுவைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஆனால் தேங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டார், அது பெரிய விஷயம். அவருக்குப் பிற்பாடு வந்தவர்கள் அவ்வளவுகூடப் பார்க்கவில்லை. 1580-களில் கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் தன் பயண நூலில் ஒரு கதையை எழுதுகிறார். செயின்ட் தாமஸைக் கொன்றவர்களின் வம்சத்துக்குக் கடவுள் கொடுத்த சாபம் இது, முழங்காலுக்குக் கீழே யானையின் கால் போல் ஆகிவிடும் என்று. போர்த்துக்கீசியர்கள் இதற்கு 'செயின்ட் தாமஸ் கால்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் 'கொச்சின் கால்' என்றார்கள். நம்மவர்கள் பூர்வஜென்ம வினை என்றார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: கால் வீங்கியவன் ஏதோ தப்பு செய்தவன். இந்த எண்ணம் மைக்ராஸ்கோப் வந்த பிறகும் போகவில்லை. கடைசியில் இதற்கே திரும்ப வருவேன்.

புழுவைக் கண்டுபிடித்த கதை ஒரு ஊரில் நடந்ததில்லை. பிரேசிலில் ஊக்கரர் என்ற டாக்டர் 1866-ல் ஒரு நோயாளியின் பால் போன்ற சிறுநீரில் நுண்புழுக்களைப் பார்த்தார். 1872-ல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் அதே நுண்புழுக்களை மனித ரத்தத்தில் பார்த்தார். 1876-ல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து டாக்டர் ஜோசப் பான்கிராப்ட் தாய்ப்புழுவையே ஒரு கட்டிக்குள்ளிருந்து எடுத்தார். வெள்ளை நூல் போல, எட்டுப் பத்து சென்டிமீட்டர் நீளம். பிரேசில்காரர் பெயரையும் ஆஸ்திரேலியாக்காரர் பெயரையும் சேர்த்துத்தான் 'ஊக்கரேரியா பான்கிராப்டி' என்று அந்தப் புழு இன்றைக்கும் அழைக்கப்படுகிறது. கல்கத்தாக்காரர் பெயர் விட்டுப்போனது.

புழு சரி, ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்கு எப்படிப் போகிறது? இதற்குப் பதில் தேடியவர் பாட்ரிக் மேன்சன். சீனாவில் அமாய் துறைமுகத்தில் சுங்க இலாகா டாக்டராக இருந்தவர். 1877-ல் அவர் செய்தது இது: ரத்தத்தில் நுண்புழு இருந்த ஹின் லோ என்ற தன் வேலைக்காரரை கொசு அடைத்த அறையில் ராத்திரி படுக்கவைத்தார். காலையில் ரத்தம் குடித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். கொசுவின் உடம்புக்குள் நுண்புழு வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு பூச்சி மனிதனுக்கு வியாதியைக் கொண்டுவர முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்த முதல் நாள் அதுதான் என்று சொல்வார்கள். ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாவைக் கொசுவுக்குள் பார்த்தது இதற்கு இருபது வருஷம் பின்னால், அதுவும் மேன்சன் தூண்டிவிட்டதால். ஹின் லோவின் பெயர் மட்டுமாவது புத்தகங்களில் நின்றதே என்று எனக்கு ஒரு திருப்தி.

மேன்சன் ஒரு இடத்தில் வழி தவறிவிட்டார். கொசு ஒரே முறைதான் கடிக்கும், பிறகு தண்ணீரில் விழுந்து செத்துவிடும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்குப் புழு போகிறது என்று நினைத்தார். 1900-ல், பான்கிராப்டின் மகன் தாமஸ் அனுப்பிவைத்த கொசுக்களை லண்டனில் ஜார்ஜ் லோ சீவிப் பார்த்தபோது புழு கொசுவின் ஊசிமூக்குக்கு வந்து தயாராக நிற்பது தெரிந்தது. கடிதான் வழி. நடுவே இருபத்துமூன்று வருஷம் உலகம் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்ததுதான் மிச்சம்.

அவர் கண்டுபிடித்த இன்னொன்றுதான் என் பிழைப்பையே தீர்மானித்தது. அமாயில் இரண்டு உதவியாளர்களை வைத்து ஒரே ஆளின் ரத்தத்தை மணிக்கணக்கு வைத்துப் பரிசோதித்தபோது, பகலில் நுண்புழு கண்ணில் படவே இல்லை. பொழுது சாய்ந்த பிறகு வரத் தொடங்கி, நள்ளிரவில் குவிந்து, விடிவதற்குள் மறைந்துவிட்டது. பகலில் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் போய் ஒளிந்துகொள்கிறது. ராத்திரி கொசு கடிக்கும் நேரத்துக்குத் தோலுக்கு அடியில் வருகிறது. பசிபிக் தீவுகளில் பகலில் கடிக்கிற கொசு இதைப் பரப்புகிறது, அங்கே புழுவும் பகலில் வருகிறது. கொசுவின் சாப்பாட்டு நேரத்தைத் தெரிந்துவைத்திருக்கிற புழு!

ஆகவே எங்கள் ஆபீஸுக்கு ராத்திரி டியூட்டி. எட்டரை மணிக்குக் கிளம்புவோம். ஒரு தெருவைக் குறித்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி, விரல் நுனியில் ஊசியால் குத்தி இருபது கன மில்லிமீட்டர் ரத்தத்தை ஸ்லைடில் தடவிக்கொள்வோம். பன்னிரண்டு மணி வரை இது நடக்கும். மறுநாள் காலையில் ஸ்லைடைத் தண்ணீரில் அலசி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பகலில் வந்து கேட்டால் "காலையிலேயே எடுத்துக்கொள்ளக் கூடாதா சார்" என்பார்கள், விளக்கினால் சிரிப்பார்கள். ராத்திரி போனால் தூங்குகிற குழந்தையை எழுப்பியதற்குத் திட்டுவார்கள். 1976-ல் இதைவிடக் கஷ்டம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பயம் ஊரெங்கும் இருந்த காலம். கையில் டார்ச்சும் பெட்டியுமாக அரசாங்க ஆள் வாசலில் நின்றால் ஆண்பிள்ளைகள் கொல்லைப்புற வழியாகப் போய்விடுவார்கள். அந்த வருஷத்து எங்கள் ஸ்லைடுகளில் பாட்டிகளின் ரத்தம்தான் அதிகம்.

இந்த வியாதி நம் ஊரில் ஏன் இப்படி வேரூன்றியது? மலேரியா என்றால் சில கடிகளே போதும். யானைக்காலுக்கு அப்படி இல்லை. கொசுவுக்குள் போன நுண்புழு பெருகுவதில்லை. பத்துப் பதினாலு நாள் வளர்ந்து, மறுபடி கடிக்கும்போது தோலின்மேல் இறங்கி, கடித்த துளையைத் தேடி அதுவே உள்ளே நுழைய வேண்டும். இதில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும். ஆணும் பெண்ணுமாக இரண்டு புழு ஒரு உடம்பில் சேர்ந்து குடித்தனம் நடத்துவதற்கு ஆயிரக்கணக்கான கடிகள் வேண்டும். மகாமகத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ஒரு ராத்திரி தங்கினாலே கால் வீங்கிவிடும் என்று பயந்ததெல்லாம் வீண். வருஷக்கணக்காக ஒரே ஊரில், ஒரே கொசுவிடம் கடிபட்டுக்கொண்டு கிடப்பவர்களுக்கே இது வரும். அதாவது நமக்கு.

அந்தக் கொசு கியூலெக்ஸ். நல்ல தண்ணீர் அதற்குப் பிடிக்காது. சாக்கடை, செப்டிக் டாங்க், கழிவுநீர்க் குழி, புழங்காமல் விட்ட கிணறு இவைதான் அதன் வீடு. பழைய கும்பகோணத்தில் கொல்லைக் கிணற்றிலிருந்து நாலு குடம் இறைத்துப் புழங்கிய வீட்டுத் தண்ணீரை வாழைமரமே குடித்துவிடும். குழாய் வந்தது, தண்ணீர் தாராளமானது. உள்ளே வரும் தண்ணீருக்குக் குழாய் போட்டார்கள், வெளியே போகிற தண்ணீருக்குப் போடவில்லை. அது தெருவோரச் சாக்கடையில் வந்து நின்றது. கோடையில் ஆறு வறண்டு வாய்க்கால்களும் வறண்டபின், சாக்கடைக்குப் போக்கிடமே இல்லாமல் அங்கேயே கெட்டியாகக் கிடக்கும். அதன்பின் செப்டிக் டாங்குகள் வந்தன. மேலே காற்றுக் குழாயைத் திறந்தே விட்டார்கள். அந்தக் குழாயின் வாயில் ஒரு முழம் கொசுவலைத் துணியைக் கட்டினால் போதும். முப்பது வருஷம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நீங்கள் மாடிக்குப் போய் உங்கள் வீட்டுக் குழாயைப் பாருங்கள், வலை இருக்கிறதா என்று.

இது ஏழைகளின் வியாதி என்று சொல்வார்கள். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. அக்கிரகாரத்துக் கொசுவும் சாக்கடைக் கொசுதான். கணிதமேதை ராமானுஜன் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்தவர். அவருக்கு விரைவீக்கம் வந்தது; ஆபரேஷனுக்கு வீட்டில் பணமில்லை. 1910 ஜனவரியில் ஒரு டாக்டர் காசு வாங்காமல் செய்துவைத்தார். காரணம் எதுவாக இருந்தாலும், அந்தக் காலத்து கும்பகோணத்தில் ஒரு இருபத்திரண்டு வயது வாலிபனுக்கு அப்படி வந்ததில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஓதம் என்று அதற்கு ஒரு பெயர் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருந்தது. டீக்கடைகளில் அதை வைத்துச் சொன்ன ஜோக்குகளை இங்கே எழுத முடியாது. ஜோக்குக்கு உள்ளானவர்கள் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

வீங்கிய கால் என்றால் வீங்கிய கால் மட்டும்தானே, உயிருக்கு ஆபத்து இல்லையே என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். உயிருக்கு ஆபத்து இல்லாததுதான் இதன் கொடுமை. மனிதர் நாற்பது வருஷம் அந்தக் காலோடு இருக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டு நெசவாளியை எடுத்துக்கொள்ளுங்கள். குழித்தறியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும். ஒரு கால் கனத்துவிட்டால் மிதி பிசகும். நெறி கட்டிய நாலு நாள் தறி நிற்கும். வாங்கிய முன்பணம் நிற்காது. வயலில் நாற்று நடுகிறவளுக்கு இன்னும் மோசம். நாள் முழுக்கச் சேற்றில் நின்று விரலிடுக்கு வெடித்து, அந்த வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்து, அதனாலேயே அடுத்த ஜுரம் வரும். வேலைக்குப் போனால் ஜுரம், போகாவிட்டால் பட்டினி. புதுச்சேரியில் 1975-ல் ஆரம்பித்த பூச்சிக்கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ராமையாவும் அவருடன் இருந்தவர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இப்படிப் போன வேலை நாட்களை எண்ணிப் பார்த்தார்கள். நாட்டுக்கு வருஷத்தில் ஏற்படும் நஷ்டம் நூறு கோடி டாலரை நெருங்கும் என்று கணக்கு வந்தது.

கணக்கில் வராதது கல்யாணம். பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்று சொல்வதற்கு நம் பக்கத்தில் இன்னொரு அர்த்தம் உண்டு. வெளியூரில் சிலர் கும்பகோணத்துப் பெண் என்றாலே ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. ஆண்களின் வீக்கத்தை வேட்டியும், பெண்களின் வீக்கத்தைப் புடவையும் மறைத்தன. மறைத்தவர்கள் ஆபீஸுக்கு வரவில்லை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் வீக்கம் அத்தனை முற்றியிருக்காது.

இனி மருந்து. டி.இ.சி. என்று நாம் சொல்லும் மாத்திரை அமெரிக்காவில் லெடர்லே கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானது. அதற்குத் தலைவராக இருந்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ், பீமாவரத்தில் 1895-ல் பிறந்த தெலுங்குக்காரர், நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். கதர் உடுத்திக்கொண்டு காலேஜுக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. சகோதரர்கள் இருவர் வயிற்று நோயில் இறந்ததைப் பார்த்தவர். ஆயுர்வேதக் காலேஜில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, மாமனார் கொடுத்த பண உதவியோடு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். ஃபோலிக் ஆசிட், ஆரியோமைசின் என்று அவர் மேற்பார்வையில் வந்த மருந்துகளின் பட்டியல் பெரிது. 1947-ல் வந்த யானைக்கால் மாத்திரைக்கு ஹெட்ரசான் என்று பெயர். அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார். இன்றைக்கு அவர் பெயரைக் கேட்டால் டாக்டர்களிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது.

மாத்திரை மலிவானது. ரத்தத்தில் ஓடும் நுண்புழுவைச் சில மணி நேரத்தில் கொல்லும். ஒரிசாவில் முன்னோட்டம் பார்த்துவிட்டு 1955-ல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வீடு வீடாக எல்லாருக்கும் சில நாட்களுக்குத் தொடர்ந்து மாத்திரை கொடுப்பது என்று ஏற்பாடு. அது தோற்றது. 1960-ல் மதிப்பீட்டுக் குழு பார்த்துவிட்டு, எல்லாருக்கும் மாத்திரை கொடுப்பதையே நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஏன் தோற்றது என்பதுதான் இந்த வரலாற்றின் நடு விஷயம். நுண்புழு ரத்தத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. கால் நன்றாக இருக்கும், வயலுக்குப் போவார், சைக்கிள் மிதிப்பார். அவரிடமிருந்துதான் கொசு புழுவை எடுத்துக்கொண்டு போகிறது. கால் வீங்கியவர் ரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு இருக்காது. அவரைக் கடித்த கொசுவால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆகவே மாத்திரையை விழுங்க வேண்டியவர் ஆரோக்கியமாகத் தெரிகிறவர். அவர் விழுங்கினால் என்ன ஆகும்? உள்ளே லட்சக்கணக்கில் நுண்புழு சாகும்போது ஜுரம் வரும், தலை வலிக்கும், வாந்தி வரும். புழு இல்லாதவர்களுக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது. ஜுரம் வந்தால் மருந்து சரியான ஆளைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அவர் பார்வையில், நன்றாக இருந்த மனிதன் சர்க்கார் மாத்திரையைத் தின்று படுத்துவிட்டான். மறுநாள் தெருவே வாசலைச் சாத்திக்கொள்ளும். சாத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. உங்களுக்கு வியாதி இல்லை, ஊருக்காக மருந்து சாப்பிடுங்கள், சாப்பிட்டால் ஜுரம் வரலாம் என்று சொன்னால் நாமே எத்தனை பேர் சாப்பிடுவோம்?

மாத்திரை பின்வாங்கியதால் மிஞ்சியது கொசுப்புழுவோடு சண்டை. என் வேலைக்காலத்தில் முக்கால்வாசி இதுதான். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால் ஒவ்வொரு சாக்கடைக்கும் வாரம் ஒரு தடவை போயாக வேண்டும். கொசுப்புழு எண்ணெய், பேடெக்ஸ், அபேட் என்று மருந்துகள் மாறின. தெளிப்பவரின் முதுகுச் சுமை மாறவில்லை. பயன்படாத கிணறுகளில் கம்பூசியா மீன் விட்டோம். புதுச்சேரியில் 1981 முதல் ஐந்து வருஷம் ராஜகோபாலன் தலைமையில் நகரம் முழுக்கத் தேங்கும் இடங்களைத் தேடித் தேடி அடைத்து, கொசுவை நன்றாகக் குறைத்துக் காட்டினார்கள். திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமங்களில் மதுரை ஆராய்ச்சி மையத்தார் கழிவுநீர்க் குழிகளில் தெர்மோகோல் மணிகளைக் கொட்டினார்கள். அவை மிதந்து தண்ணீரை மூடிவிட்டால் கொசுப்புழு மூச்சுவிட முடியாது. எளிய யோசனை, எனக்கு மிகவும் பிடித்தது.

கேரளத்துச் சேர்த்தலைக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு தமிழ் ஐயங்கார் வருகிறார். அங்கே புழுவும் வேறு, கொசுவும் வேறு. அந்த மான்சோனியா கொசுவின் புழு குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரில் துளைத்து அதிலிருந்து மூச்சு இழுக்கும். மேலே வராது, எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. 1930-களில் திருவிதாங்கூரில் இதையெல்லாம் துருவி ஆராய்ந்து எழுதியவர் எம்.ஓ.டி. ஐயங்கார். ஆகாயத்தாமரையை எடுத்துவிட்டால் கொசு போகும் என்பது தெரிந்தது. ஆனால் அது தென்னைக்கு எரு; யார் எடுப்பார்கள்? 1980-களில் புதுச்சேரி மையத்தார் அங்கே போய், குளத்தைச் சுத்தம் செய்தால் மீன் வளர்க்கலாம், மீன் விற்றால் காசு என்று காட்டினார்கள். குளங்கள் தாமே சுத்தமாயின. ஊருக்காகச் செய்யுங்கள் என்று கேட்டால் நடக்காதது, வீட்டுக்கு லாபம் என்று காட்டியதும் நடந்தது.

நம் பக்கத்தில் திருப்பம் வந்தது 1990-களில். பல நாள் மாத்திரைக்குப் பதிலாக வருஷத்துக்கு ஒரே ஒரு வேளை கொடுத்தாலும் ரத்தத்தில் நுண்புழு அதே அளவு குறைகிறது என்று தெரியவந்தது. தாய்ப்புழு ஐந்தாறு வருஷத்துக்கு மேல் இருக்கும்; அது கிழமாகிச் சாகிறவரை வருஷா வருஷம் அதன் குஞ்சுகளைக் கொன்றுகொண்டே வந்தால், கொசுவுக்கு எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. உலக சுகாதார சபை 1997-ல் இந்த வியாதியை ஒழிக்கத் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அந்தச் சமயத்திலேயே சில மாவட்டங்களில் ஆரம்பித்தோம். 2004-ல் நாடு முழுக்க ஒரே நாளில் கொடுப்பது வந்தது. பெரியவர்களுக்கு மூன்று மாத்திரை. கர்ப்பிணிக்கும், இரண்டு வயதுக்குக் கீழ்க் குழந்தைக்கும், கடும் நோயாளிக்கும் கிடையாது. பின்னால் குடற்புழு மாத்திரையும் சேர்ந்தது.

இந்தத் தடவையும் வாங்கிப் பரணில் வைத்தவர்கள் உண்டு. ஆகவே கையில் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, எதிரில் நின்று விழுங்க வைக்க வேண்டும் என்று உத்தரவு. "சாப்பிட்டுட்டுப் போட்டுக்கிறேன் தம்பி" என்பார் ஒரு அம்மாள். "சரிம்மா, சாப்பிடுங்க, திண்ணையில இருக்கேன்" என்று நான் உட்கார்ந்துவிடுவேன். வேறு வழியில்லாமல் எனக்கும் இரண்டு இட்லி வரும். நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் விழுங்கினால் போதும் என்பது கணக்கு. அந்த அறுபத்தைந்துக்கு எத்தனை திண்ணை! ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு ஸ்லைடுகளில் புழு தேடித் தேடிக் கண் வலித்தது. என் ஆரம்ப காலத்தில் ஒரு தெருவிலேயே பல வீடுகளில் அகப்பட்டதை, கடைசியில் வார்டு வார்டாகத் தேட வேண்டியிருந்தது. இலங்கையில் 1947-லேயே இதற்கென்று தனி இயக்கம் வைத்து விடாமல் செய்தார்கள். 2016-ல் அங்கே வியாதி ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது.

புழுவை எண்ணுகிற இந்தக் கணக்கில் ஒரு ஆள் மட்டும் எங்கும் வரமாட்டார். அவர்தான் கால் வீங்கியவர். அவர் ரத்தத்தில் புழு இல்லை. ஆகவே எங்கள் ஸ்லைடில் அவர் பூஜ்யம். மாத்திரை அவர் காலைச் சுருக்காது. வியாதி பரவுவது நின்றாலும் அவர் கால் அப்படியே இருக்கும். பல வருஷம் அவர்களிடம் நாங்கள் சொன்னது "இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது" என்பதுதான். அதுவே சட்டம் போல் இருந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் பிளாஸ்டிக் சர்ஜன் ஜமால் நிணநீரை ரத்தக்குழாய்க்குத் திருப்பிவிடும் ஆபரேஷன்களைச் செய்துகொண்டிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் சிலர். மற்றவர்களுக்கு வழி காட்டியது பிரேசிலில் ரெசிஃபி நகரத்து டாக்டர் ஜெருசா டிரையர். மாதா மாதம் வரும் ஜுரத்துக்குக் காரணம் புழு அல்ல, விரலிடுக்குப் புண் வழியாக நுழையும் சாதாரணக் கிருமிதான். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, புண்ணுக்குக் களிம்பு போட்டு, படுக்கும்போது காலை உயர்த்தி வைத்தால் ஜுரம் வருவது குறையும், வீக்கம் வளர்வதும் நிற்கும் என்று காட்டினார். சோப்பும் தண்ணீரும்! சுஸ்ருதர் காலத்திலிருந்து கையில் இருந்தவை.

இப்போது அரசாங்கமே முகாம் நடத்தி பேசின், மக், துண்டு, சோப்பு கொடுத்துக் கழுவிக் காட்டுகிறது; கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. ரிடையர் ஆன பிறகு நானும் சில முகாம்களுக்குப் போய்வந்தேன். முதலில் யாரும் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கமாட்டார்கள். நான் ஒரு பேசினில் என் காலையே வைத்துக் கழுவிக் காட்ட ஆரம்பித்தேன். நரைத்த கிழவன் தன் காலைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காருவார்கள்.

அவர்களில் ஒரு அம்மாளுக்கு இடது கால். நடவு வேலை செய்தவர், வயது அறுபதுக்கு மேல். ஒரு வருஷம் ஒழுங்காகக் கழுவினார். மாதம் ஒரு தடவை வந்துகொண்டிருந்த ஜுரம் அந்த வருஷத்தில் இரண்டு தடவைதான் வந்தது. கால் பெரிதாக ஒன்றும் சுருங்கவில்லை. "எல்லாம் சரிங்கய்யா, இந்தக் காலுக்குச் செருப்பு எங்கே விக்குது?" என்று கேட்டார். அறுபது வயது வரை வலது காலுக்கு மட்டும் செருப்பு வாங்க முடியாது என்பதால் இரண்டு காலுக்கும் இல்லாமலே நடந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டு அருகே செருப்புத் தைக்கும் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒரு அட்டையைத் தரையில் போட்டு இடது காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டார், பிறகு வலது காலுக்கு வேறு அட்டை. மைக்ரோ ரப்பர் அடி, மேலே ஒட்டிப் பிரிக்கும் பட்டை, உள்ளே குத்தாமல் ஸ்பாஞ்சு. நாலு நாளில் கொடுத்துவிட்டார். பட்டையை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டிருக்கிறேன், ஜுரம் வந்து கால் பெருத்தால் தளர்த்திக்கொள்ளலாம் என்றார். அட்டை இரண்டையும் பேர் எழுதி ஆணியில் மாட்டிவைத்தார், அடுத்த ஜோடிக்கு.